மே என்றால் மேற்கு

12-6-86

சாம்பாரில் உப்பு இல்லை என்று இன்று சண்டை போட்டார். நாக்கு இன்னும் லேசாகக் குழறுகிறது. ஆனால் 'உப்பு' என்ற சொல் தெளிவாக வந்தது. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்துவந்து தூவினேன். பங்குனியில் பக்கவாதம் வந்து விழுந்த அன்று, இனி இந்த மனிதர் வாயால் ஒரு குறை கேட்போமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

காலும் பரவாயில்லை. கம்பு ஊன்றிப் புறவாசல் வரை போய் வருகிறார். வலது கைதான். யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடக்கிறது. சோறு நான்தான் ஊட்டுகிறேன்.

14-6-86, சனி

குற்றாலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாரல் தொடங்கிவிட்டதால் பஸ்ஸில் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையுமாக ஒரே கூட்டம். கண்டக்டர் பழைய பழக்கத்தில் 'ஏட்டையா, வாங்க' என்று எழுந்து இடம் கொடுத்தார். இவர் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

டாக்டர் விரல்களை நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் மடங்கிக்கொண்டன. பிறர் பிடித்து அசைத்தால் போதாதாம். இவரே முயன்று அசைக்க வேண்டும். இப்படியே விட்டால் விரல் மடங்கி இறுகிப்போகும், பிறகு எதுவும் செய்ய முடியாது என்றார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பந்து கட்டிலுக்கு அடியில் போயிற்று.

'பச்சப்பிள்ள மாதிரி பந்த அமுக்கிட்டு உக்காரவா? அது என் கை இல்லட்டி. விட்டுத்தொலை.'

இப்படிச் சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கணக்கு வரவில்லை என்றால் 'இது என் சிலேட்டே இல்ல டீச்சர்' என்று கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அப்போது கணக்கை இன்னும் பக்கத்தில் தள்ளினால் அழுகைதான் வரும். வாலே, கடை வச்சு விளையாடலாம் என்று கூப்பிட்டால், புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்து, மிச்சத்தைச் சரியாகக் கேட்டு வாங்குவார்கள். கணக்கு போடுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ரிட்டயர்டு போலீஸ் ஏட்டையாவை எந்தக் கடைக்குக் கூப்பிடுவது?

22-6-86

என் தம்பி செல்லச்சாமி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். பாவூர்சத்திரத்தில் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்த கையோடு இங்கே வந்துவிட்டான். கொண்டுவந்த சாமான் ஒரு டி.வி. விளையாட்டுப் பெட்டி. ஆண்டெனா கம்பியைக் கழற்றிவிட்டு இதன் கம்பியைச் செருகினால், எப்போதும் பொரி பொரியாகத் தெரியும் நம் டி.வி.யில் ஒரு விமானம் வருகிறது. எதிரே தட்டு தட்டாக ஏதேதோ மிதந்து வருகின்றன. அவற்றைச் சுட வேண்டும். வீடு முழுக்க டுப் டுப் என்று சத்தம்.

'சர்வீஸ்ல ஒரு குண்டுகூடச் சுடலன்னு சொல்லுவியளே அத்தான். இந்தாங்க, ஆசை தீரச் சுடுங்க!'

விமானத்தை ஓட்டுவதற்குத் தனியாகக் கையடக்கமாக ஒரு கறுப்புப் பெட்டி, நீளமான வயரோடு. நடுவில் நிற்கும் குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, விமானம் அந்தப் பக்கம் போகும். மேலே இடது மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் சுடும். அதாவது வலது கை ஓட்டும், இடது கட்டைவிரல் சுடும்.

இவர் இடது கையால் குச்சியைப் பிடித்தார். விமானம் போயிற்று. சுடுவதற்குக் கை இல்லை. குச்சியை விட்டுப் பொத்தானுக்கு வருவதற்குள் தட்டு வந்து மோதி எல்லாம் முடிந்தது. பெட்டியைத் தள்ளி வைத்தார்.

'ரெண்டு கை உள்ளவன்ட்ட கொண்டு குடு.'

தம்பி முகம் சுண்டிப்போயிற்று. ஆசையாகத்தான் சுமந்து வந்தான். பிறகு அடுப்படிக்கு வந்து, 'நான் ஒரு கூறுகெட்டவன்க்கா' என்றான். இட்லி வைத்துக் கொடுத்தேன். வேறென்ன சொல்ல?

3-7-86

பெட்டியை இங்கேயே விட்டுவிட்டான். ஊருக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்கிறாள் அவன் பெண்டாட்டி.

நேற்று எலி வயரைக் கடித்துவிட்டது. கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் சுத்தமாகத் துண்டாகிக் கிடக்கிறது. தம்பி வந்து கேட்டால் என்ன சொல்ல?

5-7-86

வயருக்குள் வகைக்கு ஒரு நிறமாக ஆறு மெல்லிய கம்பிகள். கறுப்புப் பெட்டிப் பக்கம் நைந்துபோய் நிறம் தெரியவில்லை. எது எதோடு சேரும்? ஆனால் மறுமுனை விளையாட்டுப் பெட்டியில் செருகித்தானே இருக்கிறது. இதில் வருகிற கரண்டு டார்ச் லைட் அளவுதான், ஒன்றும் செய்யாது என்று தம்பி அன்றைக்கே சொல்லியிருந்தான். எனவே டி.வி.யைப் போட்டேன். ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று பொதுக் கம்பி என்று தெரிந்தது. அதோடு ஒரு கம்பியைத் தொட்டால் விமானம் மேலே போகிறது, இன்னொன்றைத் தொட்டால் கீழே. பழைய வகுப்பு நினைவு வந்து ஒரே குஷியாகிவிட்டது எனக்கு.

'ஷாக் அடிச்சுச் செத்துத் தொலைக்காத' என்று கட்டிலிலிருந்து சத்தம். முகம் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியைப் போட்டிருந்தார்!

பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கம்பியிலும் ஒட்டி எழுதினேன். மேல் என்பதற்கு மே. கீழ் என்பதற்கு கீ. வலது வ, இடது இ. சுடுவதற்கு சு, பொதுவுக்கு பொ. தென்காசிக்குப் போய் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் கடற்கரையிடம் எல்லாவற்றையும் கொடுத்து, எழுதியிருக்கிறபடி பற்றவைத்துத் தரச் சொன்னேன்.

'நீங்க போங்க டீச்சர். எழுத்துத்தான் தெளிவா இருக்கே' என்றார்.

9-7-86

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கடற்கரை பற்றவைத்துக் கொடுத்த பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினேன். குச்சியை மேலே தள்ளினால் விமானம் வலப்பக்கம் ஓடுகிறது. இடப்பக்கம் தள்ளினால் மேலே ஏறுகிறது! நான் ஒரு பக்கம் போகச் சொல்ல, அது வேறு பக்கம் போய் மோதி மோதிச் சாகிறது. திட்டிக்கொண்டே ஆடினேன். திரும்பிப் பார்த்தால் இவர் சிரிக்கிறார். வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது, ஆனால் சிரிப்பு.

'ஏட்டி, பெட்டி வடக்க பாத்துல்லா இருக்கு. கிழக்க பாத்துத் திருப்பு.'

எனக்கு விளங்கவில்லை. 'இங்கன கொண்டா' என்று வாங்கிக்கொண்டார். மடியில் வைத்து, இடது கையால் பெட்டியைக் கால்வட்டம் திருப்பினார். குச்சியைத் தள்ளினார். மேலே தள்ளினால் மேலே. வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம். எல்லாம் ஒழுங்கு.

அதன் பிறகுதான் இருவரும் பார்த்தோம். பெட்டி திரும்பியதில் சிவப்புப் பொத்தான் வலது மூலைக்கு வந்திருந்தது. இப்போது ஓட்டுவது இடது கை. சுட வேண்டியது வலது கட்டைவிரல்.

பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பெட்டியின் மேல் வைத்தார். விரலை அவரே நிமிர்த்திப் பொத்தான் மேல் கிடத்தினார்.

அமுங்கவில்லை. இருக்கட்டும்! விழுந்ததிலிருந்து அந்தக் கையை அவராகத் தொட்டது இன்றுதான்.

10-7-86

காலையிலேயே கடற்கரையிடம் போனேன். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

'டீச்சர், நீங்க எழுதினபடிதான் வச்சேன். மேன்னா மேக்க, வன்னா வடக்க. கீன்னா கீழ.'

'கீழ என்றால் கீழே இல்லையா?'

'கீழ வீதின்னா வீதி பூமிக்குள்ளயா இருக்கு? கிழக்கதானே? ஒங்க ஊரு மேலகரம் என்ன ஆகாசத்துலயா தொங்குது?'

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டில் 'அந்தச் செம்பைத் தெற்கே தள்ளி வை' என்று தினமும் சொல்கிறவள் நான். எனக்கு இது தோன்றாமல் போயிற்றே!

'அப்போ இ?'

'அது ஒண்ணுதான் பிடிபடல. மிச்சம் இருந்தது தெக்கதான். அங்கன பத்த வச்சிட்டேன்' என்றார். பிறகு குரலை இறக்கி, 'மாத்தித் தரவா?' என்றார்.

'மாற்றினால் உம்மைச் சும்மா விட மாட்டேன்' என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

'ஏட்டையாவா? நம்ம ஏட்டையா கை வச்சாங்களா?'

அவர் கடை வடக்குப் பார்த்த கடை. பெட்டியின் தலையை வாசல் பக்கம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். தெற்குப் பார்த்த கடையாக இருந்திருந்தால் பொத்தான் எங்கே போயிருக்குமோ. நினைத்தால் பயமாக இருக்கிறது. நினைக்காமல் விடுகிறேன்.

13-7-86

பொத்தான் ரொம்ப விறைப்பு. விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார். முகம் மறுபடியும் சுவர்ப் பக்கம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் பேனாவா கொடுப்போம்? மணலைப் பரப்பி விரலால்தானே எழுதச் சொல்வோம்? திருகைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். பொத்தானுக்கு அடியில் குட்டையாக ஒரு ஸ்பிரிங். அதை எடுத்துவிட்டு, டாட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். முதலில் துள்ளி ஓடிவிட்டது, பாய்க்கு அடியில் தேடி எடுத்தேன். பொத்தான் மேல் ஒரு சோடா மூடியை ஒட்டினேன், விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் படுகிற மாதிரி. பெட்டி வழுக்காமல் இருக்கச் சப்பாத்திப் பலகையில் வைத்து, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினேன்.

'சப்பாத்திக்கு என்னட்டி செய்வ?'

'சப்பாத்தி இனி கிடையாது.'

'நல்லதாப் போச்சு' என்றார்.

17-7-86

சுட்டார்.

18-7-86

நேற்று எழுதக் கை ஓடவில்லை. விரலால் சுட்டார் என்று சொல்ல முடியாது. தோளைச் சாய்த்து, கை மொத்தத்தையும் பொத்தான் மேல் போட்டார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதின மாதிரிதான். நான் மார்க் குறைக்கவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ரெங்கம்மாள் ஓடி வந்தாள். 'ஏட்டையா யாரச் சுடுதாங்க?'

'ஒன் புருசனத்தான்' என்றார் இவர். 'ரொம்ப நாளா நெனச்சிருந்தேன்.'

'நல்லா குறி பாத்துச் சுடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2-8-86

கட்டைவிரல் தனியாக அசைகிறது. கை அசையாமல் விரல் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையே பார்ப்பார். பார்த்தால் நின்றுவிடும். பிள்ளை தானாக நடக்கும்போது கைதட்டக் கூடாது.

9-8-86

தம்பி மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். சொல்லிக்கொள்ள வந்தவன் இவரோடு ஒரு ஆட்டம் போட்டுத் தோற்றான். வேண்டுமென்றுதான் தோற்றானோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே தோற்றான். திரும்பின பெட்டி அவனுக்குப் பிடிபடவில்லை.

'என்ன அத்தான், ஓட்டத் தெரியாதவனப் போட்டு அடிக்கிய?'

'ரெண்டு கை இருக்குல்லலே ஒனக்கு?'

செல்லச்சாமி வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்தினான். எலி கடித்ததைச் சொன்னேன். 'அந்த எலியப் பிடிச்சா அடிச்சிராத அக்கா' என்றான்.

30-8-86

டாட் பேனா ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே மாட்டினேன். சோடா மூடியையும் பெயர்த்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. 'இன்னிக்குப் பொத்தான் ஏன் மக்கர் பண்ணுது' என்று திட்டிக்கொண்டே சுட்டார்.

13-9-86

ஆஸ்பத்திரி. டாக்டர் விரல்களை நிமிர்த்திவிட்டுக் கையை எடுத்தார். பாதி நிமிர்ந்தபடியே நின்றன. 'பந்து வேலை செய்திருக்கிறது' என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகச் சாரலைப் பார்த்தேன்.

எழுதுவதற்கோ பித்தான் போடுவதற்கோ இன்னும் நாளாகும். முழுதாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். ஆனால் இறுகாது. இனி இறுகாது என்றார். எனக்கு அது போதும். பஸ் வரும் வரை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அருவி இரைச்சல் அங்கே வரை கேட்டது.

19-10-86, ஞாயிறு

நல்ல மழை. ரெங்கம்மாள் வந்திருந்தாள். இவர் டி.வி.யில் மும்முரமாக இருந்தார். அவள் மகனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏறவில்லையாம். நான் உதாரணம் சொல்ல ஆரம்பித்தேன். இட்லித் தட்டில் எத்தனை குழி, அப்படி எத்தனை தட்டு என்று தொடங்கிப் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி அடுக்குவது வரை போய்விட்டேன்.

அந்தப் பக்கம் ஏதோ நெருக்கடி போல. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே எங்கள் பக்கமாகக் கையைத் தூக்கி, கொஞ்சம் சும்மா இரு என்று காட்டினார்.

இடது கை குச்சியில் இருந்தது.

ரெங்கம்மாள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.