எங்க கூடுற சபை?

டிச. 20. மூட்டம். மழை இல்லை.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: இரணியல் ஸ்டேஷனுக்குத் தெற்கே வசிக்கும் பதினோராம் வகுப்பு ஷாஜின் ஆகிய நான், இன்று காலை பல் தேய்த்த பின் மதத்தை விட்டு விலகினேன். பிரஷும் புதிது. மதத்தில் எனக்குச் சம்மதமில்லை. (சம்மதத்துக்குள்ளும் ஒரு மதம் ஒளிந்திருக்கிறது. கவனம்.)

அம்மா கிறிஸ்துமசுக்கு முந்திரிக்கொத்து உருண்டை பிடிக்கப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"ஒருத்தி போனது போதாதா? நீயுமா மக்ளே."

ஒருத்தி என்றால் ஜெனி அக்கா. பெங்களூரில் வேலை. போன ஈஸ்டருக்கு வந்தவள், நம்பிக்கை இல்லை, சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றாள். அம்மா அழ, அவளும் அழ, பிறகு ஊருக்கே வரவில்லை. கிறிஸ்துமசுக்கு? போனில் கேட்டால் "பாக்கேன்".

டிச. 21. தூறல்.

அஜின் வந்தான். கேரல் குழுவில் டிரம் அடிப்பவன். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் எப்போதும் எனக்குத்தான். மாட்டேன் என்றேன். கொள்கை. பக்கத்து வீட்டு லீலா சித்திக்குக் காது நீளம்.

"எந்த சபைக்குல மாறின?"

எந்த சபையும் இல்லை என்றேன்.

"புதுசா இருக்கே. எங்க கூடுது?"

தெருவுக்கு மூன்று சபை உள்ள ஊர். 'இல்லை' என்றால் அது நாலாவது. உறுப்பினர்கள்: அக்கா, நான். பெங்களூரில் ஆள் அதிகம். அக்கா ஆபீசில் பாதிப்பேர் இப்படித்தானாம். ஆனால் யாரும் என்னைப்போல் அறிவிப்பு விடுவதில்லையாம். என்ன சபையோ.

டிச. 22. வெயில். கணக்கு டியூஷன் (போகவில்லை).

சர்ச்சில் டிரம் சத்தம். பயிற்சி.

அக்கா கேரலில் ஆல்டோ, அதாவது கீழ்க்குரல், பாடுவாள். சின்னதில் அதைக் கார் என்று நினைத்து, யார் ஓட்டுவது என்று கேட்டிருக்கிறேன். பஞ்சுத்தாடி மூக்கில் ஏறி நான் தும்மினால், பாட்டை விடாமலே காதைத் திருகுவாள். வீட்டுக்கு வீடு கட்டஞ்சாயா, கேக். தாத்தா பையில் உள்ள மிட்டாயில் பாதி எங்கள் வாயில். திரும்பும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடப்போம்.

காது இப்போது சும்மா கிடக்கிறது.

டிச. 24. நல்ல வெயில்.

அக்கா காலை ரயிலில் வந்துவிட்டாள்! அம்மா பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கேரல் வந்தது. அக்கா கதவைத் திறந்து, நிலைப்படியில் சாய்ந்து ஆல்டோ பாடினாள். ஒரு வரிகூட மறக்கவில்லை. அம்மா சாயாத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நம்பிக்கை இல்லேன்னியே பிள்ளே, பின்ன என்னத்துக்குப் பாட்டு?" லீலா சித்திதான்.

அக்கா முந்திரிக்கொத்தைக் கடித்தாள். "இதுலயும் முந்திரி இல்ல சித்தி."

அம்மாதான் முதலில் சிரித்தாள். இன்னொன்று எடுத்து அக்கா கையில் வைத்தாள்.

அக்கா வந்ததே என் அறிவிப்பால்தான் என்று அஜினிடம் அளந்துவிட்டேன். நம்பிவிட்டான், பாவம்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். அறிவித்த அன்றிலிருந்தே தினமும் போர்வைக்குள் ஜெபம்: அக்கா வரணும், அக்கா வரணும். விலகியவன் ஆயிற்றே, அதனால் ஆமென் மட்டும் சொல்லவில்லை.