தாடைக்குக் கீழே

ஜனவரி 11, ஞாயிறு. திருச்சானூர் லாட்ஜ்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் எங்கள் சைக்கிள் பயணம் இன்று சித்தூரிலிருந்து இங்கே வந்தது. வழிநெடுக மைக்கில் பேசியது நான்தான். “கட்டி தெரிஞ்சா பயப்படாதீங்க, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.”

லாட்ஜ் வாசலில் இறங்கியதும், கூட ஓட்டி வரும் குமார் கேட்டான்.

“இன்னாத்துக்குண்ணா ஹெல்மெட் ஸ்ட்ராப்பை லூசா வுட்டுக்கினு வர்ற? வுழுந்தா இன்னா ஆவறது?”

“இறுக்கினா வேர்க்குதுடா” என்றேன்.

பொய். இறுக்கினால் தாடைக்குக் கீழே அது தட்டுப்படுகிறது. பத்து நாளாக இருக்கிறது. வலித்தாலாவது தேவலை, வலிக்கவே இல்லை. எழுதும்போதும் இடது கை அங்கேயே போகிறது. வீட்டில் சொல்லவில்லை.

நாளை காளஹஸ்திக் கூட்டத்தில் டாக்டர் ஒருவர் என் பக்கத்திலேயே உட்காருவாராம். காலையில் முதல் வேலையாகக் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு வாங்க வேண்டும்.