இடது பக்க ஸ்பீக்கர்

என் வலது பக்கத்து சீட்டுக்காரருக்கு,

வருகிற மாசத்தோடு நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்று நம் காரை விலைக்குக் கேட்டு இரும்புலியூரிலிருந்து ஒருவர் வந்தார். டயரை உதைத்தார், பானெட்டைத் திறந்து மூடினார், கடைசியில் பாட்டுச் செட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கர் ரெண்டும் பிரமாதமா இருக்கே மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பாவம், அந்த மனுஷன் அரண்டுபோய் விலைகூடப் பேசாமல் கிளம்பிவிட்டார்.

அந்த இடது பக்க ஸ்பீக்கரோடு உங்களுக்கு என்னதான் ஜென்மப் பகையோ! செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கிய மறு வாரமே ஸ்பீக்கர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம், ஞாபகமிருக்கிறதா? என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ஸ்பீக்கரின் கோன் காகிதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்கள். பென்சில் பேட்டரியை வைத்து 'டொக்' என்ற சத்தத்தைப் பத்துத் தடவை கேட்டீர்கள். பெரிய காந்தம் இருந்தால்தான் சத்தம் கனமாக வரும் என்று இருப்பதிலேயே தடிமனாக ஒரு ஜோடி வாங்கி இரண்டு கதவிலும் மாட்டினீர்கள். என் பக்கத்துக் கண்ணாடி அந்தக் காந்தத்தில் இடித்துக்கொண்டு பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஒரு கோடை முழுக்க அரைக் காற்றில் வந்தேன்.

சரி, அதை மாற்றினீர்கள். அதோடு விட்டீர்களா? "லெஃப்ட் சைடு டல்லா கேக்குது" என்று அடுத்த வருஷம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வலது பக்கம் மட்டும் மாட்டினது மாட்டினபடி இருந்தது. எனக்கோ இடது ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அலறும். நல்லாத்தானே கேட்கிறது என்றால், உனக்குச் சங்கீதக் காது கிடையாது என்று வாயை அடைத்துவிடுவீர்கள். காது யாருக்கு இல்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா இறந்தபின் அப்பா ஊரப்பாக்கத்தில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். அன்று நாம் போனபோது அடுப்பை அணைக்க மறந்து, பாத்திரம் கரிந்து, வீடெல்லாம் புகை. திரும்பும்போது வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் உங்களிடம் கேட்டேன்: "அப்பாவ நம்மகூடவே வச்சுக்கலாமாங்க?"

நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டிச் செட்டின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினீர்கள். அவ்வளவுதான் பதில்.

நான் மறுபடி கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுடைய பாழாய்ப்போன ரோஷம் உங்களுக்குத் தெரியாதா? பிறந்த வீட்டுக்காகப் புருஷனிடம் ஒரு காரியத்தை ஒரு தடவைதான் கேட்போம். இரண்டாம் தடவை கேட்டால் கையேந்துவது போல. என் அக்காவும் அப்படித்தான், சித்தியும் அப்படித்தான். எட்டு மாசம் உங்களுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். வண்டியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உடம்பு சரியில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் முணுமுணுப்பேன், அதுவும் உங்களுக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு.

ஐந்தாவது ஸ்பீக்கருக்கு மேற்குத் தாம்பரத்தில் கார் செட் மாட்டும் கபாலியிடம் போனோம். அவர் உடனே விற்றுவிடவில்லை. முதலில் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி மாட்டினார். இப்பவும் லெஃப்ட்தான் டல் என்றீர்கள். வயரை மாற்றிக் கொடுத்தார். இப்பவும் லெஃப்ட்தான். என்னை உங்கள் சீட்டில் உட்கார வைத்துக் கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் உங்களை அதே சீட்டில் முழங்கால் போட்டுப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடச் சொன்னதுபோல் முழித்தீர்கள். ஆனாலும் உட்கார்ந்தீர்கள்.

"அட, இப்ப ரைட்டு டல்லா இருக்குப்பா" என்றீர்கள்.

கபாலி செட்டை அணைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஸ்பீக்கர்லாம் சோக்கா கீது சார். நீ இன்னும் பத்து மாத்தினாலும் இதே கததான். ஒரு தபா காத டாக்டராண்ட காட்டிடு சார்."

சின்ன வயசில் வந்த பொன்னுக்கு வீங்கியில் போன இடது காது என்று டாக்டர் பிறகு சொன்னார். நாற்பது வருஷமாக ஒற்றைக் காதோடு இருந்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். ஆனால் அன்று கடை வாசலில் நீங்கள் வண்டியை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "யார்கிட்டயும் சொல்லாத விசாலம். ஆபீஸ்ல செவிடன்னு பேர் வச்சிடுவாங்க" என்றீர்கள். உங்கள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. சத்தியம் செய்து கொடுத்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இறங்கினேன், வண்டியைச் சுற்றிவந்து உங்கள் ஜன்னலருகில் நின்றேன். போகிறவர் வருகிறவர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அப்பாவைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டேன்.

"இத எப்ப கேட்ட?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி."

"எட்டு மாசமா நான் முடியாதுன்னு சொன்னதா நெனச்சிட்டா இருந்த? ஏறு வண்டில" என்றீர்கள். வண்டி சிட்லபாக்கத்தில் நம் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஊரப்பாக்கம் போய், அப்பாவின் பெட்டியை நீங்களே டிக்கியில் வைத்தீர்கள். அன்று உங்கள் மேல் எனக்கு வந்த பிரியத்தை வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனேன்.

அப்பா அதற்குப் பிறகு, நீங்கள் போகும்வரை, ஒன்பது வருஷம் உங்களோடு இருந்தார். முன் சீட்டில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் டி.வி. முன்னாலிருந்து எழுந்துவிடுவார். எது வேண்டுமானாலும் என் மூலமாகத்தான். "மாமா ஏன் எங்கிட்ட மட்டும் விருந்தாளி மாதிரியே இருக்கார்?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். அவர் சுபாவம் அப்படி என்றேன். பொய்.

இதை உங்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு அன்று வரவில்லை. இன்று சொல்கிறேன். அந்த எட்டு மாசத்தில் ஒரு நாள், தன்னை நம்மோடு வைத்துக்கொள்வது பற்றி மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். அவருக்கு இஷ்டமில்லையப்பா என்று சொல்லிவிட்டேன். பிறகு நீங்களே போய் நின்றபோது, நான் சண்டை போட்டு உங்களை இழுத்துவந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் உங்கள் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும், சத்தியம் செய்திருக்கிறேனே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், வெட்கம். ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிட்டு ஒரு நல்ல மனுஷனுக்கு நானே கெட்ட பெயர் வாங்கித் தந்த வெட்கம்.

நேற்று அந்த இரும்புலியூர்க்காரர் போனதும் அப்பா வாசலில் நின்று வண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொன்ன மனுஷன், விசாலம், ஒரு நாளாவது மூஞ்சி சுளிச்சிருப்பாரா? நான்தான் பாரமா வந்துட்டோமேன்னு அவர்கிட்ட மனசு விட்டு ஒரு வார்த்தை பேசல" என்றார். எண்பத்துநாலு வயசு மனுஷன் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நான் எங்கே போவேன், சொல்லுங்கள்?

உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை இன்று மீறப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்பா ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருக்கிறார். வந்ததும் காபியைக் கையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். "மாப்பிள்ளை உங்கள வேணாம்னு சொல்லவே இல்லப்பா. அவருக்குக் காது கேக்கல. நான் ரெண்டாவது தடவை கேக்கல." இது உறுதி.

உங்கள் சம்சாரம்,
விசாலம்