உள்ளே திரும்பிய பாதம்

ஜூன் 3
இன்றும் பேடா டப்பாவோடு இரண்டு பேர். சர்க்கரை ஏறிப் பக்கவாதத்தில் விழுந்தவளுக்கு இனிப்பு கொண்டுவரும் புத்திசாலிகள் தார்வாடில்தான் கிடைப்பார்கள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி என் கணவரிடம். "நாம பேசுறது அவங்களுக்குப் புரியுதா?" கோர்ட்டில் வாதாடிப் பிழைத்த வாய் இது. போன தீபாவளிக்கு விழுந்தது இடது கையும் காலும் மட்டும்தான்.
"சொத்துல நீங்க உங்க அண்ணனை ஏமாத்தினது வரைக்கும் ஞாபகம் இருக்கு" என்றேன். காபி குடிக்காமலே கிளம்பினார்கள்.

ஜூன் 11
இதைப் பாதம் என்பதே மரியாதை. குதிகால் தரையில் படாது. விரல்களைச் சுருட்டி, உள்பக்கம் திரும்பி, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகம் காட்டாமல் கிடக்கிறது.

ஜூன் 12
எண்ணெய் வைத்தியர் வந்தார். நன்றாக நாறியது. அவ்வளவுதான்.

ஜூன் 20
பிரஹ்லாத் சக்கர நாற்காலி வாங்கி வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரயூ, எதுக்கு இன்னும் கஷ்டப்படுற? நான் தள்ளிட்டுப் போறேன்." முகத்தில் தியாகியின் களை. கல்யாணமானதிலிருந்து என்னை எங்காவது தள்ளிவிடக் காத்திருந்தாரோ? போதும்யா, எடுத்துட்டுப் போ — கத்திவிட்டேன்.

ஜூலை 2
எலும்பு டாக்டர் ஹலகேரி. காலைத் தொட்டுப் பார்த்த பிறகு பேசிய முதல் டாக்டர்.
"ஊசி போட்டுத் தசையைத் தளர்த்தலாம். ஆனா உங்களுக்குத் தசைநாணே இறுகிப்போச்சு. குதிகால் நாணை நீட்டணும். உள்ள இழுக்குற நாண்ல பாதியை வெளிப்பக்கம் மாத்திக் கட்டணும்."
"நடப்பேனா?"
"காலை நான் நேராக்குவேன். நடக்க வேண்டியது நீங்க. பழைய நடை வராது."
பொய் சொல்லத் தெரியாத சாட்சி. பிடித்துப்போயிற்று.
வீட்டில் பிரஹ்லாத், கத்தியே வேண்டாம் என்றார். கோழை என்றேன். அப்போதுதான் சொன்னார்: "தீபாவளி அன்னிக்கு பாத்ரூம்ல என்னால உன்னைத் தூக்க முடியல. பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வர்ற வரைக்கும் ஈரத்துலயே கிடந்த. திரும்பவும் நீ நடக்கப்போய் விழுந்தா?"
கோழை என்றதை வாபஸ் வாங்கினேன். ஆனாலும் ஆபரேஷன் உண்டு.

ஆகஸ்ட் 30
மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மெலிந்து, தோலுரிந்து, அசிங்கமாக — நேராக இருக்கிறது.

செப்டம்பர் 14
நடைப்பயிற்சி தரும் பெண் நாகவேணி. "மேடம், இடுப்பைத் தூக்கிக் காலை வீசாதீங்க. முழங்காலை மடக்குங்க. வாயை மூடிட்டு நடந்தா இன்னும் நல்லா வரும்." என் நாக்குக்குச் சரியான ஜோடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். குதிகால் தரையில் பட்டது. கண்ணில் வந்தது வியர்வை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 21
பிரஹ்லாத் கைகளை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். விழப்போவது அவர்தான்.

டிசம்பர் 9
கோர்ட்டுக்குப் போனேன். காலில் பிளாஸ்டிக் பட்டை, கையில் தடி. சவ ஊர்வலத்துக்கு விடுவது போல வராண்டாவில் எல்லோரும் வழிவிட்டார்கள். உட்கார்ந்தே வாதாடலாம் என்றார் நீதிபதி. நின்றேன்.
எதிர்த்தரப்பு வக்கீல் இனாம்தார் எழுந்து நீதிபதியிடம் சொன்னார். "இந்தம்மா உடம்பைக் காட்டியே வழக்கை இழுத்தடிச்சாச்சு. இனி ஒரு வாய்தாகூடக் கொடுக்கக் கூடாது, சுவாமி."
எத்தனை மாதம் கழித்து ஒரு மனிதர் என்னிடம் ஈவிரக்கமில்லாமல் பேசுகிறார்.
"நான் கேட்கலையே. இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றேன்.
வாய்தா கேட்டது இனாம்தார்தான்.