எனக்கும் ஆறு வாரம்

12 பிப்ரவரி 1952

கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து மூன்றாம் நாள். மாரடைப்பு, ஆறு வாரம் படுக்கையில் இருக்கவேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். இங்கே யாரும் நம்பவில்லை. தாடை வலிக்கிறது, குமட்டுகிறது என்று முதலில் நம் ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம்தான் போனேன். "வெறும் காத்து டீச்சரம்மா, ஓமத்தண்ணி குடிங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாள் அப்படியே பாடம் நடத்தினேன். கரும்பலகை முன்னால் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி வந்தது.

13 பிப்ரவரி

போன வருஷம் என் வீட்டுக்காரர் சில்வெஸ்டருக்கும் இதே நோய். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆயிற்றே, பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். ஆறு வாரம் கட்டிலை விட்டு அவர் இறங்கவில்லை. கஞ்சி ஊட்டியது, உடம்பு துடைத்தது எல்லாம் நான்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று கேட்கிறார்கள்.

இன்று காலை அவர், "தேத்தண்ணி போடலியா?" என்றார். எழுந்து போட்டேன். மூச்சு வாங்கியது. ஏன் எழுந்தேன்?

14 பிப்ரவரி

எழவில்லை.

17 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். "உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. நானும் ஆறு வாரம் படுக்கப் போறேன்."

"பொம்பளைங்களுக்கு அது வராதுன்னு டிரசர்..."

"அவர் பேச்சைக் கேட்டுத்தான் விழுந்தேன்."

மத்தியானம் சோறு குழைந்திருந்தது. வடித்தது அவர்.

5 மார்ச்

படுத்திருப்பது இவ்வளவு கஷ்டமா! அவர் படுத்திருந்தபோது சாவை நினைத்துப் பயந்தார். நான் அழுக்குத் துணியை நினைத்துப் பயப்படுகிறேன். வெட்கமாக இருக்கிறது — ஆனாலும் எழமாட்டேன்.

31 மார்ச்

பள்ளிக்கூடம் போனேன். மெதுவாக, இரண்டு இடத்தில் நின்று.

9 ஏப்ரல்

மாலை ஐந்தரைக்கு, பால்மரம் வெட்டும் வேலம்மா பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. "தாடை இழுக்குது டீச்சரம்மா. காத்துதான்லா."

காத்தா? அவள் புருஷன் காளியண்ணனை லோரி கொண்டுவர அனுப்பினேன். டிரசர் வந்து பழைய பாட்டையே பாடினார். "நானும் காத்துன்னுதானே விழுந்தேன்? இவளையும் விழ வைக்காதீங்க!" — நானா கத்தினேன்?

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஆறு மணிக்கு ஊரடங்கு. கம்பிவேலிக் கதவில் காவலாளி மறித்தான். போனால் திரும்பி வரமுடியாதாம். "திரும்ப வேணாம், போய்ச் சேர்ந்தா போதும்" என்றேன். ஆபீசிலிருந்து சில்வெஸ்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. ஒன்றும் கேட்காமல் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலம்மாவையும் காளியண்ணனையும் ஏற்றிக்கொண்டு லோரி போய்விட்டது.

10 ஏப்ரல்

மாரடைப்புதான். உயிர் இருக்கிறது. தேவனே, நன்றி.

5 மே

வேலம்மா வீடு வந்து நான்கு நாள். இன்றைக்கே வேலைக்கு வரச்சொல்லி, வேலை வாங்கும் மண்டோர் ஆள் அனுப்பினாராம். காளியண்ணன் நேரே ஆபீசுக்குப் போய், "கிராணி ஐயா, அவளுக்கு ஆறு வாரம் லீவு எழுதுங்க. வீட்டு வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறான். இவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். காளியண்ணன் வாசலில் அவள் சேலையைக் கும்மித் துவைத்துக்கொண்டிருந்தான். போகிற வருகிற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும் டீச்சரம்மா."

உள்ளே வேலம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் வந்துவிட்டேன்.