மேனேஜர் பேசுகிறார்

ஆகஸ்ட் 14

எங்கள் கால்பந்து கிளப்பின் சீசனில் முதல் உள்ளூர் ஆட்டம்; மைதானத்தில் ரசிகர்களுக்கு விற்கும் புத்தகம் இன்று அச்சுக்குப் போனது. முதல் பக்கம் வழக்கம்போல 'மேனேஜர் பேசுகிறார்'. எழுதியது வழக்கம்போல நான்.

மேனேஜர் கிளைவ் பார்ஸ்லோ பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். "நீயே எழுதிடு கண்ணு, பேனாவப் புடிச்சா எனக்கு வேர்க்கும்" என்பார். ஆபீஸ் வராந்தாவில் அவர் சொல்லும் மூன்று வார்த்தையை ஒரு பக்கமாக்குவது என் வேலை. வீட்டில்கூடச் சொல்லக் கூடாதென்று நிர்வாகி ரூபர்ட் ஹேல் முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் டிக்கெட் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அது இதற்குத்தான் உதவுகிறது.

ஆகஸ்ட் 16

0-3. மே மாதம் லண்டனில் கோப்பையைத் தூக்கிய அதே பதினொரு பேர்.

பஸ் டிப்போவிலிருந்து நேராக மைதானத்துக்குப் போன அப்பா, சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைப் பிரித்து என் வரிகளை உரக்கப் படித்தார். "கேளு, கேளு! நம்ம டிப்போ ஆளு பேசற மாதிரியே இல்ல?" அம்மா உருளைக்கிழங்கை மசித்தபடியே, "கோல் போடச் சொல்லுங்க முதல்ல" என்றாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷம்தான்.

அக்டோபர் 25

மறுபடி தோல்வி. வெளியூர்க்காரர்கள் ஆட்டம் முழுக்கப் பாடினார்கள்: "கோப்பைய வித்து ஒரு கோல்கீப்பர வாங்கு!" நம் ஆட்களே சிரித்தார்கள்.

டிசம்பர் 27

லீக் பட்டியலில் கடைசி இடம்.

ஜனவரி 9

ஹேல் என் மேசைக்கு வந்தார். கோப்பையை வென்று தந்த கோல் டாரில் மென்சாவுடையது. அவனை விற்கப் போவதாக ஊரெல்லாம் பேச்சு.

"மென்சா எங்கயும் போகலன்னு கிளைவ் பேர்ல எழுது."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவரு படிக்கவா போறாரு?"

ஆனாலும் கிளைவைப் போனில் கூப்பிட்டேன். பயிற்சித் திடலில் காற்று, பாதிதான் கேட்டது. "ஆபீஸ்ல சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு. எனக்கும் அவன் வேணும்ல?"

எழுதினேன். 'நான் இங்கே இருக்கும்வரை மென்சாவும் இருப்பான். என் பேச்சை நம்புங்கள்.' இரண்டாவது வாக்கியத்தை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஓசை நன்றாக இருந்ததால் நானே சேர்த்தேன்.

பிப்ரவரி 1

மென்சாவை விற்றுவிட்டார்கள். கிளைவுக்கே கார் ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்ததாம்.

பிப்ரவரி 7

ரசிகர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, வடக்குப் பக்க கேலரி முழுவதும். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "பொய்க்காரா! பொய்க்காரா!" என்று கத்தினார்கள். கிளைவ் கோட்டுப் பையில் கையை விட்டபடி மைதான எல்லையில் நின்றார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த கேலரியில் அப்பாவும் இருந்தார். தொண்டை கட்டிப் போய் வந்தார். "தோத்தா தோக்கட்டும். நம்புங்கன்னு சொல்லி ஏமாத்தறானே, அதத்தான் தாங்க முடியல."

அவரு எழுதலப்பா. நாக்கு நுனி வரை வந்தது. ஏன் சொல்லவில்லை? போட்ட கையெழுத்துக்காகவா? வேலைக்காகவா? இல்லை, பயம்தான். வேறென்ன.

பிப்ரவரி 9

கிளைவ் கூப்பிட்டனுப்பினார். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"'என் பேச்சை நம்புங்கள்'னு போட்டது யாரு?"

"நான்தான் சார்."

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "நல்ல வரி கண்ணு. நான் சொல்லியிருந்தேன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மார்ச் 22

கிளைவை அனுப்பிவிட்டார்கள். 'இரு தரப்பும் மனமொத்துப் பிரிகின்றன.' அதையும் நான்தான் எழுதினேன். எந்தத் தரப்பு மனமொத்தது? காலையில் அவர் அறைக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள்.

மார்ச் 26

கிளைவ் உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தன் கையால் எழுதியிருக்கிறார். அப்படியே போட்டிருக்கிறார்கள்: 'மென்சாவ விக்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லிருக்க மாட்டேன். எனக்கு எழுத வராது. மன்னிச்சுக்குங்க. கிளைவ்.'

அப்பா ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுப் பத்திரிகையைத் தள்ளினார். "இது அந்த ஆளு எழுதினதே இல்ல. அவன் எழுத்து எனக்குத் தெரியாதா? எவனோ எழுதிக் கொடுத்திருக்கான்."

இந்த முறை வாயைத் திறந்துவிட்டேன். "இது மட்டும்தாம்பா அவரு எழுதினது. மத்ததெல்லாம் நான்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. "நீயா? கடையில பாக்கிச் சில்லறை கேக்கவே உனக்கு வாய் வராது. அந்தப் பேச்சுப் பேசினது நீயா? அடியே, இவ சொல்றதக் கேட்டியா!"

அம்மாவும் சிரித்தாள். "பாவம் பாத்துச் சொல்றா. விடுங்க."

மாடிக்கு வந்துவிட்டேன். கீழே இன்னும் சிரிப்புச் சத்தம்.

ஏப்ரல் 25

லீக்கில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

ஜூன் 11

சந்தையில் கிளைவைப் பார்த்தேன். மீன் கடைக்காரன் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னைக்குப் பிடிச்ச மீன்தான், என் பேச்ச நம்புங்க!" என்றான். வரிசையே சிரித்தது. கிளைவும் சிரித்துவிட்டு, வாங்காமலே நகர்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஜூலை 30

புது மேனேஜர் என் மேசையைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்றார். "எழுதறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லம்மா. மனசுலேர்ந்து வந்த மாதிரி இருக்கட்டும், போதும்."

மதியத்துக்குள் முடித்துவிட்டேன். முதல் வரியைப் படித்ததும் ஹேல் என் தோளைத் தட்டினார்: 'நான் உங்களிடம் ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன்.'

அச்சுக்குப் போய்விட்டது.