வலமாக வந்தால் அப்பம் உண்டு

ஜூன் 4, சனி

இன்று சுற்றுலாக்காரர்களுக்கான "பழைய ஊர் நடை" முதல் நாள். மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. அறுபது தொன்னை பனம்பழ அப்பம் அவித்து, புத்தர் கோயில் பின்வாசலில் என் கடைப் பலகை மேல் பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு வந்தார்கள், நாற்பது பேர், எல்லார் கையிலும் ஒரே மாதிரி மஞ்சள் குடை. கோயிலைச் சுற்றி வந்தார்கள். இடமாக.

யாரோ ஒருவர் தெரியாமல் திரும்பிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் மொத்தக் கூட்டமும் முன்னூறு வருஷத்து மண்டபத்தை இடமாகச் சுற்றுகிறது. சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். தரையில் மஞ்சள் அம்புக்குறி. யாரோ வேலைமெனக்கெட்டுப் போட்டிருக்கிறார்கள்!

இந்த ஊரில் பிணத்தோடுதான் இடமாகச் சுற்றுவோம். மூன்று சுற்று, பிறகு தீ. என் புருஷன் தோங்கம்மை அப்படித்தான் கொண்டுபோனேன். இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கூட்டம் கடைக்கு வந்தது. வாயைத் திறக்காமல் விற்றேன். அறுபதும் போயிற்று. விற்றேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, ஞாயிறு

புன்லெட்டின் கடைக்குப் போனேன். தோங்கம்மின் தம்பி, ஆற்றோரம் ஐஸ் காபிக் கடை, இப்போது நடைக்குழுத் தலைவர் வேறு. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நடைக்கான வரைபடம் பாங்காக்கில் வரைந்ததாம். பத்தாயிரம் அச்சடித்தாயிற்றாம். பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டிய வழியாம், இப்போது மாற்றினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்கிறான்.

"அண்ணி, பஸ் நிக்கிற பக்கத்துலேருந்து வந்தா இப்படித்தான் வரும். காலு எந்தப் பக்கம் போனா என்ன, மனசு சுத்தமா இருந்தா போதாதா?"

இவன் மனசைப் பற்றிப் பேசுகிறான். இடமாகப் போனால் நடை எங்கே முடிகிறது தெரியுமா? இவன் ஐஸ் காபி வாசலில்.

ஜூன் 11, சனி

அவர்கள் வந்து சேரும் நேரத்தில் கடைக் கதவை இழுத்துச் சாத்தினேன். வாசலில் ஒரு பலகை. நானே தூரிகை பிடித்து எழுதியது: வலமாக வந்தால் அப்பம் உண்டு.

பலகையை எல்லாரும் படம் எடுத்தார்கள். ஒரு பெண் கதவிடுக்கு வழியாக, இது விளையாட்டா, ஜெயித்தால் பரிசு உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அவளுடைய கூட்டம் அதற்குள் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவளும் ஓடிவிட்டாள்.

அறுபது அப்பம். நாளைக்குப் புளித்துவிடும். பிக்குகள் மதியத்துக்கு மேல் சாப்பிடமாட்டார்கள். பக்கத்து நூடுல்ஸ் கடை ஹுவே அக்கா தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைத் திட்டினாள். "ஏண்டி துவான், கோபத்த வச்சு அவிச்சா வயிறு ரொம்புமா?"

ரொம்பாது. தெரியும்.

ஜூன் 15, புதன்

காலையில் பிச்சைக்கு வந்தபோது பெரிய சாமியிடம் கேட்டேவிட்டேன். பாத்திரத்தில் சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டேன், மரியாதை தப்பவில்லை. அம்புக்குறியை அழிக்கச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு எண்பது வயது. சண்டை என்றால் காது கேட்காது.

"புத்தருக்கு இடமும் வலமும் ஒண்ணுதாம்மா."

"அவருக்கு ஒண்ணுதான் சாமி. எனக்கு இல்லையே."

ஆசீர்வாதம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன். கோயில் மரியாதைக்காகவா இத்தனையும்? இல்லை. அந்தத் தொற்றுநோய்க் காலத்தில் தோங்கம் மாரடைப்பில் போனான். கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ்காரர் வாசலில் நின்றார். நாலு பேர்தான் பின்னால் நடந்தோம். இருபத்தாறு வருஷம் இந்த ஊருக்கே பனம்பழம் தேய்த்துக் கொடுத்தவன், அவனுக்கு நாலு பேர். இன்றைக்கு அதே பக்கமாக நாற்பது பேர் ஐஸ் உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள். எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது? என்னால முடியல. அவ்வளவுதான்.

ஜூன் 18, சனி

கதவுக்குப் பின்னால் ஒளிவதை விட்டேன். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கே போனேன். என்னோடு வாருங்கள், வலமாகக் கூட்டிப்போகிறேன், அப்பம் சூடாக இருக்கிறது என்றேன். ஒலிபெருக்கி வைத்திருந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வயிற்றுக்காக வந்தவர், மறைக்கவில்லை.

நல்ல நடை. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் விற்கும் கடையில் அடுப்பிலிருந்து தட்டு இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். ஹுவே அக்கா சிவப்புக் குழம்பு நூடுல்ஸைச் சின்னக் கிண்ணத்தில் ருசிபார்க்கக் கொடுத்தாள். மண்டபத்துக்குள் சுவரோவியத்தில் கைகூப்பி நிற்கும் தேவர்களைக் காட்டினேன். பாதி முகங்கள் உதிர்ந்துவிட்டன, கைகள் மட்டும் இருக்கின்றன. வயிற்றுக்காக வந்தவர் அங்கேதான் அதிக நேரம் நின்றார்.

திரும்பும்போது புன்லெட் வீட்டு வாசலில் அவன் மாமியார் கேவ் அம்மாள். தொண்ணூற்றொரு வயது. ஊரில் இந்தக் கிழவி வாயில் விழாதவர் கிடையாது. என்னோடும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. இன்று கம்பைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"நீ சொல்றதுதாண்டி சரி. இந்த மாப்பிள்ள இருக்கானே, நான் செத்தா என்னைய வலமா சுத்த வச்சாலும் வைப்பான்."

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு இது. ஒரு அப்பம் கொடுத்தேன். இனிப்பு குறைச்சல் என்றாள்.

ஜூன் 25, சனி

வரைபடத்தில் என் கடைமேல் ஒட்டுத்தாள். அதில் காபிக் கோப்பைப் படம். குழு முடிவாம். புன்லெட் நேரில் வரவில்லை, வழிகாட்டிப் பெண்தான் வந்து சொன்னாள், பாவம், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஒட்டிக்கோ. உன் தாளுக்குக் கீழேயும் என் கடை இருக்கும்.

ஜூலை 2, சனி

வலமாக வந்தவர்கள் இருவர். ஒருவர் வழி தவறி வந்தவர்.

ஜூலை 16, சனி

வெறும் இருபது அவித்தேன். எட்டு மிச்சம். பலகை மழையில் அழிந்திருந்தது. திரும்ப எழுதினேன், இன்னும் பெரிதாக.

ஜூலை 27, புதன்

கேவ் அம்மாள் போய்விட்டாள். தூக்கத்திலேயே. யாரையும் திட்டாமல் கிழவி செய்த ஒரே காரியம் என்கிறாள் ஹுவே அக்கா. சொல்லிவிட்டு அவளே அழுதாள். சனிக்கிழமை தகனம். அன்றைக்கு நடை கிடையாது என்று புன்லெட் அறிவித்துவிட்டான்.

எனக்கும் அவனுக்கும் உள்ள சண்டை கிழவிக்கு எதற்கு? துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நூறு அப்பம் போடுகிறேன். இனிப்பு கொஞ்சம் கூட.

ஜூலை 30, சனி

படுக்கப் போகுமுன் எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்தே மழை. கிழவியின் வாய்க்குப் பயந்தவர்கள் மழையைச் சாக்குச் சொல்லி வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். முன்னால் பெட்டியில் கட்டிய வெள்ளைக் கயிற்றைப் பிடித்துப் பிக்குகள், அவர்களுக்குப் பின்னால் கிழவியின் படத்தை ஏந்திக்கொண்டு புன்லெட். தகன மண்டபத்தை இடமாகச் சுற்றத் தொடங்கினோம்.

நடை இல்லை என்று அறிவித்தானே, ரயிலில் தாங்களாகவே வரைபடத்தோடு வந்து இறங்குகிறவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் பாட்டுக்கு மஞ்சள் குடை வாங்கிக்கொண்டு, அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டார்கள். கோயில் மண்டபத்துக்கும் தகன மண்டபத்துக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. மழைக்குத் தலையைக் குனிந்து வந்தவர்கள் எங்களைத் தங்கள் கூட்டத்தின் முன்வரிசை என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கிறேன், பெட்டிக்குப் பின்னால் முப்பது மஞ்சள் குடை!

புன்லெட்டும் பார்த்தான். அவன் முகம் போன போக்கு! கையில் படம், முன்னால் பிக்குகள், நடந்தே ஆகவேண்டும். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. பார்த்தாயா, உன் அம்புக்குறி எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது, பார்.

இரண்டாவது சுற்றில் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள் பெட்டியைப் பார்த்தார், நின்றார். ஓடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். குடையையும் மடக்கினார், அந்த மழையில். பின்னால் வந்தவர்களும் மடக்கினார்கள். ஒருவர்கூட விலகவில்லை. மூன்று சுற்றும் நனைந்துகொண்டே நடந்தார்கள். ஹுவே அக்கா பெட்டியோடு எரிக்கும் மரச்சீவல் பூக்களைக் கொடுக்க, வரிசையில் நின்று பெட்டியில் வைத்தார்கள். முன்பின் தெரியாத கிழவிக்கு.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உண்மையைத்தானே எழுதவேண்டும். ஊரையே திட்டினவளுக்கு இத்தனை பேர், என் தோங்கம்முக்கு நாலே பேர். பிறகு அந்த அரைக்கால் சட்டைக்காரர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார், இவங்க உங்களுக்கு யாரும்மா என்று. என் சண்டைக்கூட்டாளி என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கிழவிக்காக அழுதேனா, அவனுக்காகவா, தெரியாது. போன வருஷம் அழ முடியாமல் போனது எல்லாம் வந்தது.

கடையைத் திறந்தேன். எல்லாருக்கும் அப்பம் கொடுத்தேன். இடமாகத்தான் வந்தார்கள். இன்றைக்கு அதுதான் முறை. பலகையை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன், ஒரு நாளைக்கு.

ஜூலை 31, ஞாயிறு

பலகை வெளியே.

ஆகஸ்ட் 3, புதன்

விடிந்ததும் பின்வாசலில் சுரண்டும் சத்தம். போய்ப் பார்த்தால் புன்லெட், முழங்காலில் நின்று மஞ்சள் அம்புக்குறியைச் சுரண்டுகிறான். பக்கத்தில் சாம்பல் பெயிண்ட் டப்பா ஒன்று, மஞ்சள் ஒன்று. கழுத்தில் அட்டை இல்லை. குழுவைக் கேட்டாயா என்றேன். கேட்கவில்லையாம். அதிகாரிக்கு என்ன சொல்வாய் என்றேன். மாமியார் உத்தரவு என்று சொல்வானாம்.

வலப்பக்கம் காட்டிப் புதிதாகப் போட்டதில் ஒரு அம்பு கோணலாக இருந்தது. சொன்னேன். அழித்து மறுபடி போட்டான். பிறகு தலை நிமிராமலே பேசினான்.

"அண்ணன் பின்னாடி நடந்த அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன், அண்ணி."

மறந்தே போயிருந்தேன். இரண்டு மாதமாக அந்த நாலு பேரைப் பற்றி எழுதுகிறேன், அதில் இவன் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. மன்னிப்புக் கேட்பேன் என்று அவன் எதிர்பார்த்திருந்தால் அது நடக்காது. டீ மட்டும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, சனி

நாற்பது பேர். எல்லாரும் வலமாக. நடை இப்போது என் கடையில் முடிகிறது.

கூட்டம் போன பிறகு புன்லெட் வந்தான், காபிக் கடையிலிருந்து குறுக்குச் சந்து வழியாக. அப்பம் மிச்சம் இருக்கிறதா அண்ணி என்றான். பலகையைக் காட்டினேன். சிரித்தான், விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

தூறலில் வலமாக முழுச் சுற்றும் போனான். வருவதற்குள் ஆறிவிடக் கூடாதே என்று இரண்டை ஆவியிலேயே வைத்திருந்தேன்.